யாரும் திட்டாத ஆட்டம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசையில் கல்யாணப் பத்திரிகை போகாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது எனக்கு அடுத்த வீடு. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் என் வாசலில் நின்று பேசிவிட்டு, அந்தக் கதவைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோபம் ஒன்றும் இல்லை. கொடுத்தாலும் வரமாட்டார் என்று தெரியும், அவ்வளவுதான். மாப்பிள்ளை ஏதாவது ஒரு டீமில் ஆடுகிறவனாக இருப்பான், இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் சித்தப்பா ஆடியிருப்பார். எங்கள் ஏரியாவில் ஃபுட்பால் ஆடாத குடும்பம் எங்கே இருக்கிறது? அந்தக் கல்யாணத்தில் பிரியாணி தின்றுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு எதிராக எப்படி விசில் ஊதுவது என்பார் அவர்.

அவர் ரெஃப்ரி. பிழைப்பு அதுவல்ல. அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். மனைவி சின்ன வயதிலேயே போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தபால்காரர்கூட வாசலில் நின்று ரெஃப்ரி என்றுதான் குரல் கொடுப்பார். நான் ரெஃப்ரிண்ணா என்பேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்துப் போட்டுக் குறை கண்டுபிடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். என் வீட்டுக்காரர் ஸ்ரீராம்புரத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போனதற்கு என் வாய்தான் காரணம் என்று அவர் தங்கச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்லட்டும். மகளைக் கோலாரில் கட்டிக்கொடுத்த பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அந்தப் பக்கம் அவர் ஒருத்தர் என்று ஆகிவிட்டது.

குடிவந்த புதிதில் ஒரு நாள் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணத்தைக் கையில் வாங்காமலே கேட்டார்.

"உன் அண்ணன் தம்பி யாராச்சும் லீக்ல ஆடறாங்களா?"

"எனக்கு அண்ணன் தம்பியே இல்லீங்க."

"அப்பக் குடு."

இப்படித்தான் அந்த வரிசையிலேயே அவருக்குச் சோறு கொடுக்க அனுமதி உள்ள ஒரே ஆளாக நான் ஆனேன்.

அவருக்கு ஒரு தம்பி உண்டு. மார்க்கெட் முனையில் சைக்கிள் கடை. நான் அங்கே குடிவருவதற்கு ரொம்ப காலம் முன்பு ஒரு ஃபைனலில் தம்பி கேப்டன், அண்ணன் ரெஃப்ரி. தம்பி யாரையோ பின்னாலிருந்து காலில் உதைத்தான் என்று அண்ணன் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார். டீம் தோற்றது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் தம்பி ஆட்டத்தை விட்ட பிறகு அதே டீமுக்கு மேனேஜர் ஆனான். அண்ணன் விசில் ஊதுகிற எல்லா மேட்சுக்கும், தன் டீம் ஆடினாலும் ஆடாவிட்டாலும், வந்து கோட்டுக்கு வெளியே நின்று திட்டுவான். கண்ணுக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வா என்பான். அதற்கு மேலும் சொல்வான், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

இவர் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே எனக்குச் சேதி சொல்லுவார்.

"அவனுக்கு இன்னைக்கு சளி புடிச்சிருக்கு. கொரல் கட்டிக்கினு இருக்கு."

இன்னொரு வாரம், "பையனுக்குப் பரிட்சையில நல்ல மார்க் வந்திருக்கும் போல. லேசாத்தான் திட்டினான்."

தம்பி வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவருக்கு இப்படித்தான் தெரியவரும். வேறு வழி இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் பாதியில் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றார். எப்போதும் நிற்கிற மாதிரி நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

"ஆஸ்பத்திரியில கூட ஒரு அட்டெண்டர் இருந்தாத்தான் சேத்துப்பேன்றாங்க. ரெண்டு நாள் லீவு போடுவியாம்மா?"

"உங்க தம்பிக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"அவன் ஒரு டீமுக்கு மேனேஜர்மா" என்றார். பதில் முடிந்துவிட்டது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

டாக்டர் சின்னப் பையன், கன்னடக்காரர். ப்ராஸ்டேட் சுரப்பியில் ஆரம்பித்த கேன்சர் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது என்று சொன்னார். ஆம்பிளை உடம்பில் ஊறுகிற ஹார்மோன்தான் அதற்குத் தீனி. அதை நிறுத்த மாதா மாதம் ஊசி போடலாம், விலை ஜாஸ்தி. இல்லாவிட்டால் ஒரே ஆபரேஷனில் அது ஊறுகிற இடத்தையே எடுத்துவிடலாம். நான் எழுந்து வெளியே போகலாமா என்று பார்த்தேன். இவர் கண் சிமிட்டாமல் ஆபரேஷன் என்றார். குணமாகுமா என்று கேட்கவில்லை. எப்போது ஓடலாம் என்று கேட்டார். அதற்குப் பிறகு கன்னடத்தில், "முந்தே ஏனு, டாக்டரே?" என்றார். இது சரிப்படாவிட்டால் அடுத்தது என்ன என்று.

"மொதல்ல இது ஆகட்டும் சார்" என்றார் டாக்டர்.

"இல்ல, அடுத்தது இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"அது போதும்."

வரிசையில் எல்லோரிடமும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொன்னார். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார். லீக் தொடங்குவதற்கு முன்னால் ரெஃப்ரிகளுக்கு ஓட்டப் பரிட்சை ஒன்று வைப்பார்கள். அதில் தேறாதவர் அந்த வருஷம் விசில் ஊத முடியாது. ஆபரேஷன் ஆன அந்த வருஷமும் போய் ஓடினார். எல்லாருக்கும் கடைசியில் வந்தார், ஆனாலும் தேறினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல். எலும்பில் நோயை வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று முகத்துக்கு நேரேயே கேட்டேன். படுத்தால் மட்டும் எலும்பு வளருமா என்று திருப்பிக் கேட்டார்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கூத்து நடந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து, முகம் சிவந்து, வேர்த்துக் கொட்டும் அவருக்கு. எனக்கும் அப்போது தூரம் நிற்கிற வயசு. எனக்கும் அதேதான். ஒரு சாயங்காலம் நான் முறத்தால் விசிறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் படியில் அவர் பழைய செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருக்கிறார். ரொம்ப நேரம் தயங்கிவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இது எவ்ளோ நாளைக்கும்மா இருக்கும்?"

"எங்க அம்மாவுக்கு மூணு நாலு வருஷம் இருந்துச்சு."

"நாலு வருஷமா? ஆவட்டும்" என்றார். அந்த நாலு வருஷத்தை யாரோ எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி நிம்மதியாக விசிறிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

ஆபரேஷன் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தியது. அப்புறம் ரத்தப் பரிட்சையில் எண் ஏறிவிட்டது என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை கேட்காமல் போனபோது இடுப்புக்குக் கரன்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள். அதற்குப் பிறகு அவரால் கிரவுண்டு முழுக்க ஓட முடியவில்லை. நடு ரெஃப்ரி வேலையை விட்டுக் கோட்டோரம் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் ஆனார். எனக்கு விளக்கினார், "நடுவுல நிக்கறவனுக்கு ஆஃப்சைட் தெரியாதும்மா. லைன்லதான் நெஜமான வேலை." அடுத்து வந்த மாத்திரை ஒன்றில் மார்பு இரண்டும் பெண்பிள்ளைக்கு வளர்வது போல வீங்கிக்கொண்டது. ரெஃப்ரி கறுப்புச் சட்டை பிடித்தது. சட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டு, பட்டன் இடுக்குகிறது என்று மட்டும் சொன்னார். நான் ஒன்றும் கேட்காமல் பக்கத் தையலைப் பிரித்து அகலம் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு சுவரோரமாகப் பக்கவாட்டில் நாலடி ஓடிக் காட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அந்த ஓட்டத்தை விடமாட்டார். வார்டில் படுக்க வைத்திருந்த நாட்களில் காலையில் எழுந்து, கையில் கொடி இருப்பது போல் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் போவார், திரும்புவார். நர்ஸம்மா திட்டுவாள். பார்வையாளர் நேரம் வந்தால்தான் அடங்கி உட்காருவார். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றிச் சொந்தக்காரக் கூட்டம், இட்லி கேரியர், குழந்தைகள் சத்தம். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். ஊரில் பாதிப் பேரைத் தெரிந்த மனுஷன். யாரிடமும் சொல்லாததால் ஒருத்தரும் வரவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பார்கள், பழத்தோடு வந்திருப்பார்கள், அந்தப் பழத்தை இவர் வாங்கியிருக்க மாட்டார். "நீயும் கெளம்பும்மா, பஸ் கூட்டமாயிடும்" என்பார்.

பயமாக இல்லையா என்று ஒரு தடவை கேட்டேன்.

"மேட்ச்சுல ஒருத்தன் விழுந்துட்டான்னு வை. அவன் காலு போச்சேன்னு ரெஃப்ரி ஒக்காந்து அழக் கூடாது. பந்த எங்க வெக்கணும், அத்தப் பாக்கணும்" என்றார்.

ஒரு நாள் டாக்டர், ரிசல்ட் நன்றாக வந்த சந்தோஷத்தில், "இஞ்சுரி டைம் நல்லாப் போகுது சார்" என்று சிரித்தார். ஆட்ட நேரம் முடிந்த பிறகு ரெஃப்ரி கூட்டித் தருகிற நிமிஷங்களுக்குத்தான் அந்தப் பேர். இவருக்கு முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்து என்னிடம் பொரிந்தார். "இஞ்சுரி டைம் எவ்ளோன்னு ரெஃப்ரி சொல்லணும். இவரு யாரு சொல்றதுக்கு?"

கடைசியாக வந்தது நீல மருந்து. மையைக் கரைத்துவிட்ட மாதிரி பாட்டிலில் தொங்கும், கை நரம்பு வழியாக இறங்கும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. போட்டுவிட்டு வந்தால் மறுநாள் வாந்தி, கிறுகிறுப்பு, வாய்ப் புண். அதற்கு அடுத்த நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"ஒண்ணுக்குப் பச்சையும் நீலமுமாப் போவுதும்மா. நல்லவேள, லீக்ல எந்த டீமுக்கும் இந்தக் கலர் ஜெர்சி கெடையாது."

அதையும் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஓட்டப் பரிட்சையெல்லாம் நின்று போயிருந்தது. சின்னப் பையன்களின் மேட்சுக்கும், ஆள் கிடைக்காத மேட்சுக்கும் கொடி பிடிக்க விட்டார்கள். அது போதும் அவருக்கு. அடுத்த மருந்து என்னவென்றும் டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தார்.

சேதி வெளியே போனது எப்படி என்றால், ஒரு டீமின் கோல்கீப்பர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நீல பாட்டில் ஏற்றுகிற அறை எது என்று அவனுக்குத் தெரியும். அந்த வாசலில் இவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு மேட்ச் முடிந்து வந்தவர் என் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பூட்ஸைக் கழற்றவில்லை.

"இன்னாண்ணா, வலியா?"

"ஒருத்தனும் திட்டல" என்றார்.

"நல்லதுதானே?"

"தப்பாக் கொடி தூக்கினேன்மா. அது ஆஃப்சைடே இல்ல. தூக்கின பின்னாடி எனக்கே தெரிஞ்சுபோச்சு. அவனுங்க போட்ட கோல் போச்சு. ஒருத்தன் வாயத் தொறக்கணுமே? தலையக் குனிஞ்சிக்கினு போறானுங்க. ஒருத்தன், பரவால்ல சார்ன்றான்."

முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

"அவன் டீமுதான். அவன் எதுக்காலயே நிக்கறான். என்னப் பாத்துட்டுத் தரையப் பாக்கறான். அவனும் பேசல." பூட்ஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னார், "தெரிஞ்சிக்கினானுங்க எல்லாரும்."

இரண்டு டீமும் கூடிப் பேசி, பெரியவர் மனசு நோகக் கூடாது, அவர் என்ன கொடுத்தாலும் சரி என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இத்தனை வருஷம் எந்த ஸ்கேனும் எந்த ரிப்போர்ட்டும் செய்யாததை அந்த மரியாதை செய்துவிட்டது. மனுஷன் ஒரே நாளில் நோயாளி ஆகிவிட்டார். அடுத்த ஞாயிறு கிரவுண்டுக்குப் போகவில்லை. வரிசையில் நடமாட்டம் இல்லை. நீல மருந்துக்கு முறை வந்த நாளில் நான் லீவு போட்டுவிட்டுக் கதவைத் தட்டினால், போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

"எதுக்கும்மா இனிமே? நீ வேலைக்குப் போ."

அந்த மனுஷன் வாயிலிருந்து இனிமே என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். நேராக மார்க்கெட் முனைக்கு நடந்தேன்.

தம்பி டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தாண்டியவன், அண்ணன் ஜாடை அப்படியே இருந்தது. நான் யாரென்று அவனுக்குத் தெரியும். நிமிராமல் கேட்டான்.

"ரொம்ப முடியலியா?"

"முடியாமப் பண்ணிட்டீங்க எல்லாரும் சேந்து. அன்னைக்கு எதுக்குச் சும்மா நின்ன?"

"கேன்சர்னு சொன்னாங்கம்மா. எப்படிம்மா வாய் வரும்?"

"இத்தன வருஷமா வந்துச்சு இல்ல? உன் கொரல வெச்சுத்தான்யா அவரு உனக்குச் சளியா, ஜொரமான்னு தெரிஞ்சிக்கினாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எங்கிட்ட வந்து ஒன் கதைதான். நீ வாய மூடிக்கினா அந்த மனுஷனுக்கு யாரு இருக்கா?"

அவன் டியூபைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வரட்டா?"

"வராத. கிரவுண்டுக்கு வா."

அந்த ஞாயிறு லைன்ஸ்மேன் ஒருவர் வரவில்லை என்று லீக் ஆள் வந்து கதவைத் தட்டினான். இவர் முடியாது என்று அனுப்பப் பார்த்தார். நான் நடுவில் புகுந்தேன். "அவருக்குக் கொடி தூக்கத் தெம்பில்லப்பா, வேற ஆளப் பாரு" என்று உரக்கச் சொன்னேன். என்னை முறைத்தார். உள்ளே போய்க் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அது இப்போது தொளதொளவென்று தொங்கியது. நான் பின்னாலேயே போனேன்.

முதல் பாதி முழுக்க மறுபடியும் அதே மரியாதைதான். பந்து அவர் பக்கம் போனால் பையன்கள் கத்துவதை நிறுத்திவிடுவார்கள். சாவு வீட்டு வாசலில் விளையாடுகிற மாதிரி விளையாடினார்கள். இரண்டாவது பாதியில் தம்பியின் டீம் ஒரு கோல் போட்டது. இவர் கொடி மேலே போயிருந்தது. கோல் இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

"யோவ் ரெஃப்ரி" என்றான். சத்தமே வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "யோவ். கண்ண எங்கய்யா வெச்சிருக்க?"

இவர் திரும்பவில்லை. கொடியும் இறங்கவில்லை.

நான் அவனிடம் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் திறந்த வாய் அவனுக்கு மூடவில்லை. "அன்னைக்கும் இப்பிடித்தான் பண்ண" என்று ஆரம்பித்தான். "நான் அவனத் தொடவே இல்லடா. தொடவே இல்ல. அம்மா கால்ல வுழுந்து சத்தியம் பண்ணேன். உன்ன நம்புச்சு, என்ன நம்பல. சாவற வரைக்கும் என்ன நம்பல." கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். ரெண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுக்கிறார்கள், அடங்கவில்லை. அதைப் பார்த்து டீம் பையன்களுக்கும் வாய் வந்துவிட்டது. ஆஃப்சைடா அது, கண்ணாடி மாத்துய்யா, கமிட்டிக்குப் போறோம் என்று நாலா பக்கமும் இரைச்சல்.

இவர் கொடியை மடக்கிக்கொண்டு நடு ரெஃப்ரியைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஏதோ சொன்னார். தம்பியைச் சுட்டிக் காட்டினார். மேனேஜரைக் கிரவுண்டை விட்டு வெளியே அனுப்பினார்கள். அவன் திட்டிக்கொண்டே போனான், முண்டாசுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனான். இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு கோட்டோரம் போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"நீ போய் அவனப் பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்?"

"பாத்திருக்க மாட்ட. சொல்லிக் குடுத்துத் திட்றவன் அம்மா பேச்ச எடுக்க மாட்டான்." மறுபடி நடந்தார். "தொடவே இல்லியாமே. இத்தன வருஷத்துல இத அவன் எங்கிட்ட சொன்னதே இல்ல."

"நெஜமாத் தொடலியோ என்னவோ, யாரு கண்டா?"

"தொட்டான்மா. நான் பாத்தேன்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "தவறிப்போன ஊசிய இந்த வாரம் போடுவாங்களா, கேட்டுப் பாக்கறியா?" என்றார்.

"இந்தத் தடவ உங்க தம்பியக் கூட்டிக்கினு போங்க."

"அவன் மேல கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கேன். கமிட்டி விசாரிச்சு முடிக்கற வரைக்கும் அவன் கூட நான் பேசக் கூடாது. அது தப்பு."

நான் தலையில் அடித்துக்கொண்டு லீவு போட்டேன்.

லீக் கமிட்டி கூடியபோது போய், நடந்ததை உள்ளபடி சாட்சி சொன்னார். அந்த சீசன் முழுக்க மேனேஜர் கிரவுண்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தம்பி ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து காம்பவுண்டு சுவருக்கு வெளியே ரோட்டில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று திட்டினான். வெளியே நின்று திட்டுகிறவனை என்ன செய்ய முடியும், அதற்கு ரூல் இல்லை என்று இவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். சுவர் ஓரத்துக் கோட்டையே கேட்டு வாங்கிக்கொண்டு கொடி பிடித்தார். நீல மருந்துக்கு அடுத்த மருந்தும் வந்தது, அதையும் போட்டுக்கொண்டார்.

சீசன் முடிந்து, தடையும் முடிந்தது. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் நின்றுபோயிருந்தது. அடுத்த லீக் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை தம்பி கேட் வழியாகவே கிரவுண்டுக்குள் வந்தான். கோட்டோரம் வேறொருவர் கொடி பிடித்துக்கொண்டிருந்தார். அவன் டீமுக்கு எதிராக அன்று தப்பும் தவறுமாக எத்தனையோ தடவை கொடி உயர்ந்தது. ஆட்டம் முடிகிறவரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.